‘வீட்டுல இருந்துதானே பண்றீங்க?’

“வீட்டுல இருந்துதானே பண்றீங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கக்கா.”

ஆரி வேலை செய்கிற எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்தப் பேச்சைக் கேட்காமல் அவள் ஒரு பிளவுஸ்கூட முடித்திருக்க மாட்டாள். கடை என்றால் வாடகை இருக்கும், ஆள் சம்பளம் இருக்கும், ஏசி இருக்கும், அதனால் அங்கே கேட்டதைக் கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு. நாங்களும் வீட்டுக்கு வாடகை கொடுக்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரேமுக்கு மேலே எரிகிற விளக்குக்கும் மீட்டர் ஓடத்தான் செய்கிறது. சரி, அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்த விளக்குக்குக் கீழே ஒரு கை வேலை செய்கிறதே, அது செலவழித்த நேரம் யார் கணக்கில் வருகிறது? பாசிமணிக்கு விலை உண்டு, நூலுக்கு விலை உண்டு, கல்லுக்கு விலை உண்டு. கோத்த கைக்கு மட்டும் விலை பேச வேண்டியிருக்கிறது. என் ஆதங்கம் இதுதான்.

இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆரி என்பது நுனியில் கொக்கி வைத்த ஊசி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கிற மோச்சிகள் கையாண்ட கருவி அது. அவர்கள் கையிலிருந்துதான் பட்டுக்கும் வந்தது. துணியை ஃபிரேமில், விரலால் சுண்டினால் சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். வலது கை மேலே ஊசியைக் குத்தும். இடது கை துணிக்கு அடியில் இருந்துகொண்டு நூலைக் கொக்கியில் மாட்டிவிடும். அடியில் இருக்கிற கையைக் கண் பார்க்க முடியாது, விரல்தான் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு குத்தும் முந்தின கண்ணிக்குள்ளிருந்து எழும்பி வரும். அதுதான் செயின் ஸ்டிட்ச். கடைசிக் கண்ணியை லாக் பண்ணாமல் அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டால், வருகிற போகிறவர் கால் பட்டு நூல் நுனி இழுபட்டால் போதும், வரிசை மொத்தமும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் இதைச் செய்கிறோம்.

ஜர்தோசி இன்னும் பொறுமை கேட்கும். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட மெல்லிய கம்பிச் சுருள் அது. கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி, ஊசியில் கோத்து, வரைந்த இலைக்குள் சாய்வாகப் படுக்க வைத்துத் தைக்க வேண்டும். துண்டு துளி நீளமாகிவிட்டால் நடுவில் வளைந்து தூக்கிக்கொண்டு நிற்கும். துளி குறைந்தால் அடியில் துணி தெரியும். இலையின் நுனிக்குப் போகப் போக ஒவ்வொரு துண்டும் முந்தினதைவிடக் குட்டையாக வேண்டும். ஒரு இலை கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு கைக்கு அப்படி நாற்பது இலை கேட்பார்கள். இரண்டு கை, அதற்குப் பிறகு முதுகு, அதற்குப் பிறகு கழுத்து பார்டர். பின்னங்கழுத்து இறுகிப்போய், எழுந்து நின்றால் தலை சுற்றும். நாற்பது வயதுக்கு மேல் இந்த வேலையில் இருக்கிற பெண்களில் கண்ணாடி போடாதவர்கள் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு.

இவ்வளவும் முடித்துக் கையில் கொடுத்தால் என்ன பேச்சு வருகிறது? “பீட்ஸ் பாக்கெட் நாப்பது ரூபாதானேக்கா? எழுகடல் தெருவுல நானே விசாரிச்சேன்.” மதுரையில் எங்களுக்குச் சரக்கு எடுக்க எழுகடல் தெருதான். புதுமண்டபத்துக்குள் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் எங்கள் அலைச்சல். மணி என்ன விலை என்று எங்களுக்குத் தெரியாதா? பாக்கெட் நாற்பது ரூபாய்தான். அந்தப் பாக்கெட்டில் கடுகைவிடச் சின்னதாக ஆயிரக்கணக்கான மணி இருக்கிறதே, அவை தானாக நடந்து போய்த் துணியில் உட்கார்ந்துகொள்ளுமா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நடுத்தரமான ஒரு கலியாண பிளவுஸ். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு நாள் வேலை. 4,500 ரூபாய் சொல்கிறோம். பேரம் பேசிப் பேசி 3,000-த்தில் வந்து நிற்கிறது. ஜர்தோசி, கட் பீட்ஸ், குந்தன், சில்க் திரெட், லைனிங் எல்லாமாக 900 ரூபாய் போய்விட்டால் மிச்சம் 2,100. ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 350 ரூபாய், மணிக்கு 44 ரூபாய்கூட வரவில்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டில் அரசு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். எந்தத் தொழிலும் தெரியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டிய கடைசிப் பாதுகாப்பு என்று வைத்திருந்த கூலி அது. வருடக்கணக்கில் கை பழக்கிய வேலைக்கு அதைவிடப் பதினாலு ரூபாய்தான் கூடுதலா? டிசைன் வரைந்த நேரம், டிரேசிங் பேப்பரில் ஊசியால் துளை போட்ட நேரம், நூல் நிறம் பொருந்தவில்லை என்று கடைக்கு இரண்டாம் தடவை பஸ் ஏறியது எதுவும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் சுவர் எழுப்புகிற கொத்தனாரிடம் “சிமெண்டு மூட்டை இவ்வளவுதானே, கூலியைக் குறைங்க” என்று யாராவது பேசுகிறார்களா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கூலியை எண்ணிக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அடுத்தது போட்டோ. போனில் ஒரு படத்தை அனுப்பி, “இதே மாதிரி வேணும், நாளன்னிக்கு வேணும்” என்பார்கள். அந்தப் படத்தில் இருக்கிற பிளவுஸ் ஒரு பெரிய பொட்டிக்கில் நான்கைந்து கைவேலைக்காரர்கள், மேற்கு வங்காளத்திலிருந்து வந்து தங்கி வேலை பார்க்கிறவர்கள், ஒரே ஃபிரேமைச் சுற்றி உட்கார்ந்து போட்டதாக இருக்கும். இங்கே இருப்பது ஒரே ஒரு ஆள். அவளுக்குச் சமையல் இருக்கிறது, தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கலியாணத் தேதி மூன்று மாதத்துக்கு முன்பே குறித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. பிளவுஸ் துணி மட்டும் முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது வருகிறது. ஆடி மாதம் முழுக்க எங்கள் ஃபிரேம் பாதி காலியாகக் கிடக்கிறது. அப்போது துணியைக் கொடுத்தால் ஆவணி முகூர்த்தத்துக்கு நிதானமாக, நன்றாகச் செய்து தருவோமே. ஆவணி பிறந்த பிறகுதான் எல்லோரும் ஒரே வாரத்தில் ஓடி வருகிறார்கள்.

கொடுத்த பிறகும் பழி ஓயாது. வேலை முடித்த துணி தையல்காரரிடம் போகிறது. தையலுக்கு விட்ட இடத்துக்குள் மணி வந்துவிடாமல் அளவு பிளவுஸை வைத்துக் கோடு போட்டுத்தான் நாங்கள் தைக்கிறோம். அங்கே அளவு மாறி, மணி மேலேயே மெஷின் ஏறினால் மணி உடையும், ஊசி உடையும். “வேலை சரியில்லை” என்று போன் எங்களுக்கு வரும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், வேலைப்பாட்டின் மேல் சூடாக அயர்ன் வைக்காதீர்கள், திருப்பிப் போட்டுத் துணி விரித்துத் தேயுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறோம். கேட்காமல் துவைத்துவிட்டுக் குந்தன் உதிர்ந்துபோச்சு என்று சண்டைக்கு வந்தால் என்ன பதில் சொல்வது?

சொந்தக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. “நம்ம வீட்டுக் கலியாணம்தானே” என்று ஆரம்பிக்கிற வேலைக்குப் பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தியோடு கணக்கு முடிந்துவிடும்.

பொட்டிக்குகளுக்குப் பீஸ் ரேட்டில் செய்து கொடுக்கிற பெண்களின் பாடு இன்னும் மோசம். துணி வரும், படம் வரும், ஒரு ரேட் சொல்வார்கள். வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. வாடிக்கையாளருக்கும் அதைச் செய்த கை எது என்று தெரியாது. ஒரு கறை பட்டால் பட்டுத் துணிக்கான விலை அவள் தலையில் விழும். வீட்டிலிருந்து இப்படிப் பிறருக்காக உழைக்கிறவர்களும் மற்றத் தொழிலாளர்களைப் போல நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. 2008-இல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் யார் என்று விளக்கமே எழுதி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்தது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்டவரையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்களுக்குள்ளேயே ஒரு வேதனை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘ஒரே மாதத்தில் ஆரி கற்று வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ என்று தெருவுக்குத் தெரு போர்டு. அங்கே செயின் ஸ்டிட்ச் சொல்லித் தருகிறார்கள், லோடு ஸ்டிட்ச் சொல்லித் தருகிறார்கள், பிரெஞ்சு நாட் சொல்லித் தருகிறார்கள். விலை போடுவது எப்படி என்று ஒரு நாள் வகுப்புகூட எடுப்பதில்லை. கற்று முடித்த பெண், முதல் ஆர்டர் கிடைத்தால் போதும் என்று பொருள் விலையோடு இருநூறு ரூபாய் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டிய ஃபீஸை எடுக்க வேண்டுமே என்ற பதற்றம் அவளுக்கு. ஆனால் அந்த ரேட்தான் அப்புறம் ஊர் ரேட் ஆகிவிடுகிறது. “பக்கத்துத் தெருவுல அந்தப் பொண்ணு பாதி விலைக்குப் பண்ணுதே” என்று எங்களிடம் வந்து சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் கட்டுப்படியாகாமல் அந்தப் பெண் ஃபிரேமைப் பரணில் ஏற்றிவிடுகிறாள். அவள் சொன்ன விலை மட்டும் தெருவிலேயே நின்றுவிடுகிறது.

தங்கச்சிகளே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பிளவுஸுக்கே நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பொருள் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் பில்லில் எழுதிக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வதால்தான் பேரம் பேசுகிறவர்கள் கூலியில் கை வைக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரிவதில்லை. உதவி என்று அரசு கொடுப்பது பெரும்பாலும் கடனாகத்தான் வருகிறது, இல்லாவிட்டால் மெஷினாக வருகிறது. அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. மாவட்டத் தலைநகரங்களில் குழுப் பெண்களின் பொருளை விற்கப் பூமாலை வளாகங்கள் இருக்கின்றன, தையல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, விசாரித்துப் பதிவு செய்யுங்கள். ஆனால் நம் கைவேலைக்கு இவ்வளவு கூலி என்று நாம் சொல்லாமல் வேறு யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

வாங்குகிறவர்களிடமும் கேட்க இருக்கிறது. விலை கேட்பதற்கு முன்னால், “இது எத்தனை நாள் வேலை?” என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் பேரம் பேசத் தோன்றினால் பேசுங்கள். குறைந்த செலவில் வேண்டுமென்றால் டிசைனைக் குறைக்கச் சொல்லுங்கள். கையில் மட்டும் வேலை போட்டு முதுகை விட்டுவிடலாம், ஜர்தோசிக்குப் பதில் நூல் வேலை போடலாம், நாங்களே வழி சொல்வோம். டிசைன் அப்படியே இருக்க வேண்டும், கூலி மட்டும் குறைய வேண்டும் என்று கேட்காதீர்கள். துணி கொடுக்கிற அன்றே பாதிப் பணம் கொடுங்கள், மீதியைப் பிளவுஸைக் கையில் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். தை மாதம் கலியாணம் வைத்திருக்கிறவர்கள் கார்த்திகையிலேயே துணியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.