நோவு வேறு, தீங்கு வேறு

1986 மார்ச் 15ஆம் நாள் முற்பகலில், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் முனையில் நின்ற ஆறு மாடி லியான் யாக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் சரிந்தது. நியூ வோர்ல்டு ஹோட்டலைத் தாங்கி நின்ற கட்டடம் அது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாட்டினின்று உயிருடன் மீட்கப்பட்டனர். இத்தகைய இடர்களில் பிழைத்தோருக்கு உடற்காயம் ஆறிய பின்னும் ஆறாத காயம் ஒன்றுண்டு. அதனை ஆற்ற முனையும் உளமருத்துவத்தின் மீது தேக்கா முதல் தெம்பனிஸ் வரை ஒரே குற்றச்சாட்டுத்தான்: "போனான், பேசினான், முன்னிலும் மோசமாகித் திரும்பினான்."

இதனைக் கேட்டுப் புன்னகைக்கும் சிகிச்சையாளர் உளர். வலித்தால்தான் குணமாகும் என்பது அவர்தம் விடை. எல்லா வலியும் அவ்வாறுதானா?

1983இல் அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்பு வீரர் போன்ற மீட்புப் பணியாளருக்கென ஒரு முறையை வகுத்து வெளியிட்டார். நேர்ந்ததை அச்சூடு ஆறுமுன்பே வாய்விட்டுச் சொல்லவைப்பது அது. விரைவிலேயே விபத்துக்குள்ளான எவரையும் ஒரே அமர்வில் பேசவைத்து அனுப்பும் வழக்கமாக அது திரிந்தது. 1997இல் வெளிவந்த கார்டிஃப் ஆய்வு, தீக்காயமுற்றோரைப் பதின்மூன்று திங்கள் கழித்துப் பார்த்தது. அவ்வாறு பேசவைக்கப்பட்டோரில் நூற்றுக்கு 26 பேரிடம் அதிர்ச்சிநோய் காணப்பட்டது. பேசவைக்கப்படாதோரிடம் 9 பேருக்கே. முதற் குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையானவை என்பதும் உண்மையே. ஆயினும் நன்மை ஏதும் காட்டப்படவில்லை. கட்டாயமாகப் பேசவைக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்றது 2002ஆம் ஆண்டின் காக்ரன் தொகுப்பாய்வு. புன்னகைத்தவர்கள் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

"பழசைக் கிளறாதே" என்று வாயை அடைக்கும் வீட்டாருக்கும் இது வெற்றியன்று. எட்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை, முன்னேற்பாட்டுடன், நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்யும் முறை வேறு. எட்னா ஃபோவாவும் உடனாய்வாளரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நினைவைச் சொல்லத் தொடங்கியதும் துயர் மிகுந்தவர்கள் சிறுபான்மையினரே. அவர்கள் மற்றவரினும் மிகுதியாக விலகிவிடவில்லை. முடிவில் மற்றவரைப் போன்றே பயனும் பெற்றனர். முதல் வாரங்களில் கெட்ட கனவு கூடுவதுண்டு. பின்னர்த் தணியும். தணியாது ஏறிக்கொண்டே போனாலோ, உறக்கம் அற்றுப் போனாலோ, குடி மிகுந்தாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினாலோ அது நோவன்று, தீங்கு. உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். முறையையே மாற்றவும் நேரலாம்.

இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே நோயாளியிடம் சொல்லிவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடந்தான் கிடைப்பதில்லை. நம்மவர் வாயிலிருந்து முறையீடு தானாக வரும் எனக் காத்திருப்பதும் பேதைமை. டாக்டர் மனம் நோகக் கூடாதென்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை" என்றே தமிழர் விடையிறுப்பர். அதுவும் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். அல்லது ஊர்க்காரராக இருந்துவிடுவாரோ என்று அஞ்சத்தக்க மொழிபெயர்ப்பாளர் வழியாக. மருத்துவமனை 1993இல் புவாங்கோக்கிற்கு மாறி மனநலக் கழகமென்று பெயர் பெற்ற பின்னும், உட்பிரிட்ஜ் என்ற பழம்பெயர் ஏச்சுச் சொல்லாய் ஒலித்த வீடுகள் பல. அவ்வச்சத்தையும் தாண்டி வந்தவர் மூன்றாம் அமர்வோடு வராது போகிறார். ஏனென்று எவரும் தொலைபேசியில் கேட்பதில்லை. ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக் கோப்பை மூடுகின்றனர்.