தடித்த எழுத்தில் ஓர் எண்

இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் நம்மவர்கள் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சிடப்பட்ட எண்ணையே. அதனருகில் ஒரு நட்சத்திரக் குறியோ மேல்நோக்கிய அம்புக்குறியோ இருந்துவிட்டால், அன்றிரவு வீட்டில் எவருக்கும் நித்திரை இல்லை. எந்தக் குறியும் இல்லையாயின் தாள் மடிக்கப்பட்டு அலுமாரிக்குள் போய்விடும். இவ்விரண்டுமே தவறான வாசிப்பு என்பதும், இரண்டாவதே கூடிய ஆபத்தானது என்பதும் எனது கருத்து.

அந்தக் குறி எவ்வாறு விழுகிறது? ஆரோக்கியமானவர்கள் எனக் கருதப்படும் ஒரு தொகுதியினரின் இரத்தத்தைப் பரிசோதித்து, அவர்களுள் நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவுகள் எந்த எல்லைகளுக்குள் அடங்குகின்றனவோ, அவற்றையே பெரும்பாலான பரிசோதனைகளுக்கு வழமையான வீச்சு என்று அச்சிடுகிறார்கள். ஆகவே, நோயற்றவர்களிலேயே 20 பேருக்கு ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், நல்ல தேகாரோக்கியம் உள்ளவருக்கும் ஏதாவது ஒன்றிலேனும் குறி விழுவதற்கான வாய்ப்பு 100க்கு 64. ஊரிலுள்ள பெற்றோருக்குப் பிறந்தநாள் பரிசாக ‘முழு உடற் பரிசோதனை’க்குப் பணம் கட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இதனை மனதில் வைத்திருப்பது நல்லது.

இரத்தம் எடுக்கும் விதமும் எண்ணை மாற்றும். கையில் பட்டியை நெடுநேரம் இறுக்கிவைத்து, விரல்களைத் திரும்பத் திரும்ப மடக்கி விரிக்கச் சொன்னாலோ, எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலோ பொற்றாசியம் உயர்ந்து காட்டும். அதற்காக, 6ஐத் தாண்டிய பொற்றாசியத்தை ‘மாதிரி பழுதாகியிருக்கும்’ என்று நாமே தீர்ப்பளித்துவிடலாகாது. உண்மையாயின் அது இதயத்துடிப்பையே குழப்பவல்லது. அன்றே வைத்தியரிடம் காட்டி மீளவும் பரிசோதிக்கவேண்டும். ஆனால் நீரிழிவின் கதை வேறு. அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்குச் சற்றே கூடிய ஒரேயொரு அளவை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டுவதில்லை. அதனை உறுதிப்படுத்த இன்னொரு பெறுபேறும் வேண்டும்.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலகில்லாத எண்ணைப் பக்கத்தில் ஏற்றக்கூடாது என்பது பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேருபவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதற் பாடங்களில் ஒன்று. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பேச்சே இல்லை. யாழ்ப்பாணத்திலுள்ள தம்பியின் வெறுவயிற்றுச் சீனி 126. ரொறொன்ரோவிலுள்ள அண்ணனுக்கு அது 7. இங்கே மில்லிகிராம், அங்கே மில்லிமோல். இரண்டும் ஒரே அளவு, 18ஆல் பெருக்கினால் சரியாக வரும். அது தெரியாமல், அண்ணனுக்கு ஒற்றை இலக்கம் தனக்கு மூன்று இலக்கமா என்று கலங்கி இராச்சாப்பாட்டையே கைவிட்ட ஒருவரை நான் அறிவேன். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனையில் இங்கு 6.5 என்பது இலண்டனில் 48 ஆகிவிடும். கிரியற்றினினில் நமது 1 என்பது அங்கே 88.

கிரியற்றினின் என்ற சொல்லைக் கேட்டாலே இலங்கையில் பலருக்கு அடிவயிறு கலங்கும். வடமத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களில் 1990களிலிருந்து, காரணம் திட்டவட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் உயிர்களைக் காவுகொண்டு வந்ததே அதற்குக் காரணம். வவுனியாவுக்கும் அந்த அச்சம் புதிதல்ல. அவ்வளவு பயந்தும் அந்த எண்ணை வாசிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. மூட்டை தூக்கும் இளைஞனுக்கு 1.1 சாதாரணம். மெலிந்த எழுபது வயது மூதாட்டிக்கு அதே 1.1 இருக்குமாயின், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிக்கும்போது சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 54 எனவே வரும். மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆண், பெண், இளையோர், முதியோர் எல்லோருக்கும் 1.2 வரை சரி என்று ஒரே வரியில் அச்சடித்த அறிக்கையில் அவருக்கு எந்தக் குறியும் விழாது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. குறியில்லாத தாளைக் கண்டு வீட்டார் நிம்மதியடைந்தனர். வேறொரு காரணத்துக்காக அவரைப் பார்த்த இளம் பெண் வைத்தியர் ஒருவர்தான், பழைய அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேட்டார். மூன்று வருடங்களுக்கு முன்னைய தாளில் 0.7 என்றிருந்தது. இப்போது 1.1. முழங்கால் நோவுக்குப் பாமசியில் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கிவந்த வலி மாத்திரைகளைப் பற்றி அதன்பின்னரே பேச்சு வந்தது. இத்தனைக்கும் அந்த உரையாடலுக்கு எடுத்த நேரம் கால்மணித்தியாலம்கூட இல்லை. ஆயினும் நமது தனியார் மருத்துவமனைகளில், இலக்கம் எடுத்துக் காத்திருப்பவருக்குக் கிடைக்கும் நிமிடங்களில் அதற்கு இடமிருப்பதில்லை.

வடிகட்டும் வேகத்தைக் கணித்து அச்சிட ஆய்வுகூடத்துக்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. வயதும் பாலினமும் ஏற்கனவே அறிக்கையின் தலைப்பில் இருக்கின்றன. அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு சுகாதார அமைச்சு எல்லா ஆய்வுகூடங்களையும் கட்டாயப்படுத்தவேண்டும். அதுவரை பழைய தாள்களை எறியாமல், திகதி வரிசையில் ஒரு கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் வைத்தியர் முன்னால் விரித்துவைப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

ஆசிரியை வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள், இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்கத் திகதி குறித்திருக்கிறார்கள்.