ஸ்கேனர் பேசலைன்னா வண்டி செத்துப்போச்சா?

போன வாரம் விடியக்காலை 4 மணிக்குத் தக்காளிக் கூடைகளோட உழவர் சந்தைக்குக் கிளம்பினேன். என் 2008 மாடல் பெட்ரோல் கார் பாதி வழியில நின்னுபோச்சு. 20 நிமிஷம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினா ஓடுது, சூடேறினா மறுபடி நிக்குது. போய்ச் சேர்றப்ப கூட்டம் கலைஞ்சிருந்துச்சு. பாதிக் கூடை வீட்டுக்கே திரும்பி வந்துச்சு.

டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரு தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்குற சாக்கெட்டுல டாங்கிளைச் சொருகி, கையில இருந்த டேப்லெட்டைத் தட்டினார். 'கம்யூனிகேஷன் எரர்'. மூணு தடவை பார்த்துட்டுத் தீர்ப்பைச் சொல்லிட்டார்: "இசிஎம் போயிருச்சுங்கண்ணா. 22,000 ரூபாய் ஆகும். பேசாம வித்துருங்க."

நான் கேட்டேன்: "தம்பி, இதை நான் ஓட்டிட்டுத்தானே வந்தேன்? எப்பப் பெட்ரோல் பீச்சணும், எப்பப் பொறி விடணும்னு சொல்றதே இசிஎம்தான். அது செத்திருந்தா எஞ்சின் எப்படி ஓடும்?" பதில் இல்ல.

எங்க ஊர்ல போர் மோட்டார் ஓடலைன்னா, மூணு பேஸும் வருதான்னு முதல்ல டெஸ்டர் வச்சுப் பார்ப்போம். அப்புறம் பியூஸ், ஸ்டார்ட்டர். எடுத்த எடுப்புலயே மோட்டாரை மேல தூக்குறவனை ஊரே சிரிக்கும். அதே காரியத்தை டவுன்ல பண்ணினா அதுக்குப் பேரு டயக்னோஸிஸ்!

அந்த சாக்கெட்டுல 16 பின் இருக்கு. 16வது பின்ல பேட்டரி கரண்ட், 4லயும் 5லயும் எர்த். டேப்லெட்டுக்குத் தனி பேட்டரி, அதனால திரை பளிச்னு எரியும். டாங்கிளுக்கு உயிர் வர்றது வண்டியில இருந்துதான். அன்னைக்கு டாங்கிள்ல விளக்கே எரியல. குனிஞ்சு பார்க்க யாருக்கும் நேரமில்ல.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வச்சேன். 16வது பின்ல வோல்ட்டேஜ் பூஜ்யம். நிறைய கார்கள்ல இந்த சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே பியூஸ். முந்தின மாசம் லைட்டர்ல காத்தடிக்கிற பம்பைச் சொருகினது ஞாபகம் வந்துச்சு. 15 ஆம்பியர் பியூஸ் எரிஞ்சு கிடந்தது. புதுசு 10 ரூபாய்.

பியூஸ் நல்லா இருந்தும் பேசலைன்னா? சாவி ஆன்ல இருக்கான்னு பாருங்க. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழ இறங்கியிருக்கான்னு பாருங்க. அடுத்தது பாஷை. புது வண்டிங்க 6, 14வது பின்ல கேன் பாஷை பேசும். பழைய வண்டிங்க பலதும் 7வது பின்ல கே லைன்ல மெதுவாப் பேசும். பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானதே 2013 ஏப்ரல்லதான். அதுக்கு முந்தின வண்டியில சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும், கம்பெனியோட சொந்தப் பாஷையா இருக்கலாம். நெட்ல வாங்குற மலிவு டாங்கிள் சிலதுக்குப் பழைய பாஷையே தெரியாது. இதெல்லாம் பார்த்த பிறகு, 7வது பின்ல இருந்து போற வயரை எலி கடிச்சிருக்கான்னும் பார்த்துட்டு, கடைசியாத்தான் இசிஎம் மேல சந்தேகப்படணும்.

நான் மெஷினுக்கு எதிரி இல்லீங்க. பியூஸ் மாத்தி, பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணனோட ஸ்கேனரைச் சொருகினதும் ஒரே நிமிஷத்துல பி0335னு காட்டிக் கொடுத்துச்சு. கிராங்க் சென்சார் சர்க்யூட். கனெக்டர் முழுக்க ஆயில். சுத்தம் பண்ணியும் சூட்டுல நின்னுச்சு, சென்சாரை மாத்தினோம். இப்ப வண்டி சந்தைக்குப் போகுது. 'எரர்'ங்கிற ஒத்தை வார்த்தையைப் படிச்சுட்டு மேல யோசிக்காத மனுஷன் மேலதான் என் கோபம்.

"பழைய வண்டியை வித்துத் தொலைங்க"ன்னு அறிவுரை சொல்ற பட்டணத்து நண்பர்களே, உங்களுக்கு அது ஒரு இஎம்ஐ. எனக்கு அது ஒரு வெள்ளாமைக் காசு. அடுத்த தடவை உங்ககிட்டயும் யாராவது இசிஎம் போச்சுன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "16வது பின்ல கரண்ட் வருதான்னு பார்த்தீங்களா?"