உளைவுக்கு ஜேர்மனில் என்ன சொல்?



சென்ற கோடையில் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் ஐந்தாறு பெண்கள் நின்றபடியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். நிழலும் புல்தரையும் இருந்தும் ஒருவரும் அமரவில்லை. ஏன் அக்கா நிற்கிறீர்கள் என்று கேட்டேன். “இருந்தால் எழும்பேலாது தம்பி, நாரி விடாது” என்றார் ஒருவர். இருபத்தெட்டு வருடம் உணவகச் சமையலறையில் சட்டி கழுவியவர். அவர் வாய் திறந்ததும் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். ஒருவருக்கு உளைவு, ஒருவருக்குக் குத்து, இன்னொருவருக்குப் பின்தொடை வழியாகக் குதிக்கால் வரைக்கும் இழுவை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஜேர்மனிக்கு வந்து சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் குனிந்தே குடும்பத்தை நிமிர்த்திய ஒரு தலைமுறையின் முதுகு அன்று அந்த நிழலில் நின்றுகொண்டிருந்தது.

அந்த அக்கா சொன்ன கதைதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. நோவு தொடங்கிய காலத்தில், பத்து வயது மகனைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் வைத்தியரிடம் கூட்டிப் போயிருக்கிறார், மொழிபெயர்க்க. எப்படி நோகிறது என்று வைத்தியர் கேட்டார். “நாரிக்குள்ள உளையுது, குனிஞ்சு நிமிர்ந்தால் பிடிக்குது, இரவில கால் விறைக்குது” என்று இவர் சொன்னார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, முதுகு நோகுதாம் என்று ஜேர்மனில் சொன்னான். வைத்தியர் தலையாட்டி, நோவு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கால் விறைப்பது அந்த அறையில் யார் காதுக்கும் போகவில்லை. ஒரு நரம்பு நெரிபடுகிறதா என்று வைத்தியரை யோசிக்க வைத்திருக்கக்கூடிய சொல் அது. பிள்ளையில் என்ன பிழை? உளைவுக்கு ஜேர்மனில் என்ன சொல் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தாய்க்கும் சொல்ல இன்னும் இருந்தது. நித்திரை இல்லை, அழுகை வருகிறது. அதைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் எந்தத் தாய் சொல்லுவாள்?

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. எங்களுக்கு முன்னால் இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உடம்பெல்லாம் நோகிறது என்று சொன்னபோது, இந்நாட்டு மருத்துவ வட்டாரத்தில் அதற்கு ‘மம்மா மியா நோய்’ என்றும் ‘பொஸ்போருஸ் நோய்’ என்றும் பட்டப்பெயர் வைத்தார்கள். நோவை மிகைப்படுத்துகிறார்கள் என்பது அதன் பொருள். எனக்கு இதை எழுதும்போதும் மனம் கொதிக்கிறது. 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டம், நோயாளிக்கு விளங்கும் விதத்தில் வைத்தியர் விளக்க வேண்டும் என்கிறது. ஆனால் பேச்சுமொழிபெயர்ப்பாளருக்கு கிராங்கன்காசா (மருத்துவக் காப்புறுதி) பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. ஆகவே வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. “ஊசி போடேல்லை, படமும் எடுக்கேல்லை, நடக்கட்டாம்” என்று குறைப்படுகிறவர்கள் எங்களிடம் நிறையப் பேர். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் முதுகுநோவுக்கான ஜேர்மன் தேசிய வழிகாட்டி நெறியே அதைத்தான் சொல்கிறது. ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் முதல் வாரங்களில் படம் வேண்டாம், படுத்துக் கிடக்கவும் வேண்டாம். வயது ஏறினால் நோவே இல்லாதவர்களின் படத்திலும் தேய்ந்த வட்டுகள் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அசையாமல் இருந்தால் தசை தளரும், நோவு கூடும். அறிகுறி இருந்தால் கதை வேறு. காலில் பலம் குறைந்தாலோ, மலசலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ டெர்மினுக்கு (முன்பதிவு நேரத்துக்கு) காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பன்னிரண்டு வாரம் தாண்டிய நோவை நாட்பட்ட நோவு என்கிறார்கள். அப்போது முதுகு மட்டும் நோகிறதில்லை. நரம்பு, நித்திரை, கவலை, வேலை எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. கோட்டிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் யான் ஹில்டெபிராண்ட், மிஹாயேல் ஃபிங்ஸ்டன் ஆகியோர் 1990களில் நடத்திய முதுகுத் திட்டம் இதைக் கருத்தில் கொண்டதுதான். உடற்பயிற்சி, வேலைப் பயிற்சி, உளவியல் எல்லாவற்றையும் ஒரே குழு சேர்ந்து கொடுத்தது. இன்று நாடெங்கும் உள்ள நோவு நிலையங்களில் அந்த வகைச் சிகிச்சை கிடைக்கிறது. உளவியலாளர் என்றதும் “எனக்கென்ன விசரோ?” என்று எழும்பி வந்துவிடாதீர்கள். நோவு பொய் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிபுணரிடம் இடம் கிடைக்காவிட்டால், குடும்ப வைத்தியர் பரிந்துரைத் தாளில் அவசரக் குறியீடு கொடுத்தால் 116117 என்ற டெர்மின் சேவை எண்ணுக்கு அடியுங்கள். நான்கு வாரத்துக்குள் ஒரு டெர்மின் தேடித் தருவது அந்தச் சேவையின் பொறுப்பு. உடற்பயிற்சி சிகிச்சைக்குத் தாள் கிடைத்தால் 28 நாளுக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். உங்கள் பங்கு ஒரு தாளுக்கு 10 யூரோவும் செலவில் பத்தில் ஒன்றும். முதுகெலும்புச் சத்திரசிகிச்சை என்று சொன்னால், கையெழுத்துப் போட முன்னம் இரண்டாவது வைத்தியரிடம் கேட்கும் உரிமை 2021 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால் வைத்தியர் கோபிப்பார் என்று நினைக்க வேண்டாம்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். அந்தப் பத்து வயதுப் பையன் இன்று பொறியியலாளர். சென்ற வருடம் நோவு நிலையம் அனுப்பிய நீண்ட கேள்விக்கொத்தை இருவரும் ஓர் இரவு முழுக்க நிரப்பினார்களாம். அதில் முன்புறமும் பின்புறமுமாக ஓர் உடலின் படம். நோகும் இடத்தை நிறந்தீட்ட வேண்டும். அக்கா நீலப் பேனாவால் இடுப்பிலிருந்து குதிக்கால் வரை ஒரே கோடாக இழுத்தார். அடுத்தது நோவின் தன்மை. உளைவு என்றால் என்ன என்று மகன் கேட்டான். சொல்லத் தெரியாமல், அவனைத் திருப்பி நிறுத்தி, மடக்கிய விரல் முட்டியை அவன் நாரியில் வைத்து மெல்ல மெல்ல உள்ளே அழுத்தியிருக்கிறார். “இது விடாமல், இரவு முழுக்க” என்றாராம். அவன் ‘டும்ஃப்’ என்பதற்கும் ‘சீஹெண்ட்’ என்பதற்கும் புள்ளடி போட்டான். மழுங்கிய நோவு, இழுக்கிற நோவு. விறைப்புக்கு ஒரு தனி வரியே எழுதினான்.

அடுத்த இதழோடு ஒரு தனித்தாள் தருகிறோம். ஒரு பக்கம் எங்கள் நோவுச் சொற்கள், எதிரே அவற்றுக்கு நெருங்கிய ஜேர்மன் சொற்கள். வைத்தியரிடம் போகும்போது மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, பிடிப்பு, இழுவை, விறைப்பு என்று இதுவரை ஏழு சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஊரில் வேறு சொல் இருந்தால், அது எங்கே, எப்படி நோகும்போது சொல்வது என்றும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்