ஊசிக்குப் பனங்கிழங்கு மாற்றல்ல

பனங்கிழங்கும் கம்பங்கூழும் இருக்கும் கூடங்குளத்தில் எடை குறைக்கும் ஊசி எதற்கு என்று சிலர் கேட்கிறீர்கள். நார்ச்சத்து குடலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நூறு கிலோ உடம்போடும் சர்க்கரை நோயோடும் தவிப்பவரிடம் “கிழங்கு தின்னு, சரியாகும்” என்பது கொடுமை.

2021இல் வெளியான ஆய்வில், எடை குறைக்கும் ஊசி மருந்தான செமாகுளுடைட் 68 வாரங்களில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது. அதே உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோடு மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். நிறுத்தினால் எடை திரும்பும், உண்மை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறுமே, அதைப் பழிக்கிறோமா?

இந்த ஊசி மருந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். பலருக்கு மலச்சிக்கல் வரும். அங்கேதான் உங்கள் கிழங்கு வேண்டும், தண்ணீரோடு, கொஞ்சம் கொஞ்சமாக.

என் கோபம் விலைமீது. 2025இல் மவுஞ்சாரோ என்ற இன்னொரு எடை குறைக்கும் ஊசி இந்தியாவுக்கு வந்தபோது மாதச் செலவு பல ஆயிரம் ரூபாய். பீடி சுற்றும் பெண் அதற்கு எங்கே போவாள்?