'ஆவியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள்



திருச்சியில் ஒரு வரவேற்பு. ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் 'ஒயிட் சாஸ்' பாஸ்தாவை ரசித்துச் சாப்பிட்டார்கள். அதில் ஸ்பார்க்ளிங் ஒயின் ஊற்றியிருந்தது பிறகுதான் தெரிந்தது. "கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிடும் சார்" என்கிறான், என்னிடம் வேதியியல் படித்தவன்!

78 டிகிரியில் கொதிப்பது தனி ஆல்கஹால். தண்ணீரோடு கலந்தது அப்படி முழுதாகப் பிரியாது. 15 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 40 சதவீதம் தங்கும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. சுத்தமாகப் போவது, காசு கொடுத்து வாங்கிய அந்தக் குமிழிதான்.

புளிப்பான வெள்ளைக் குழம்புதான் வேண்டுமென்றால் மோர்க்குழம்பு இருக்கிறதே! மைதா சாஸைக் கெட்டியாக்கும் அதே மாவுச்சத்துதான், அரைத்த அரிசியிலிருந்து வந்து, தயிர் திரியாமல் காக்கிறது.

"ஒரு தட்டுக்குக் கொஞ்சம்தானே?" என்காதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் சாப்பிடுகிறவர். ஒயின் ஊற்றுவது உங்கள் இஷ்டம். சொல்லாமல் பரிமாறுவது துரோகம். பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.