அரசுப் பள்ளி: குறை சொல்வதோடு நின்றுவிடலாமா?

ஜூன் மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரே பேச்சு, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுதான். "அரசுப் பள்ளியா? வாத்தியார் இருக்க மாட்டார், கழிப்பறையில் தண்ணீர் வராது, இங்கிலீஷ் சொல்லித் தர மாட்டார்கள்" என்கிறோம். நகையை அடகு வைத்தாவது தனியார் பள்ளியைத் தேடுகிறோம்.

இந்தக் குறைகள் பொய்யல்ல. ஆனால் மறுபக்கமும் உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தமிழகத்தில் 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்வி படிக்கும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது இதையெல்லாம் கணக்குப் பார்த்தோமா?

சரி, குறைகளை யார் தட்டிக் கேட்பது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், அரசு நிதி செலவாவதைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பொறுப்பு. கழிப்பறை முதல் ஆசிரியர் காலியிடம் வரை அங்கே தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். நம்மில் பலர் அந்தக் கூட்டத்துக்கே போவதில்லை.

வசதியுள்ளவர்கள் விலகிக்கொண்டால், கேட்க ஆளில்லாத ஏழைப் பிள்ளைகளே அங்கே மிஞ்சுவார்கள். அவர்களும் நம் மஹல்லாவின் பிள்ளைகள்தான். அடுத்த கூட்டத்தின் தேதியை ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கச் சொல்வோம். நாமும் நேரில் போய் உட்காருவோம்.